டர்பன் சிறைக்காகச் செஞ்சியில் ஒரு சாட்சி

1946-ஆம் வருஷம், புரட்டாசி மாதம். செஞ்சி கடைத்தெருவில் ஒரு வக்கீலிடம் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. இப்போது இந்தத் தள்ளாத வயதில் நான் எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பதாக வீட்டில் ஒரு புகார் உண்டு. மாத்திரையை எண்ணுகிறேன், ஸ்பூனை எண்ணுகிறேன், ராத்திரி எத்தனை லாரி போனது என்று எண்ணுகிறேன் என்கிறார்கள். லாரிச் சத்தத்தில் தூக்கம் வராதவன் வேறு என்ன செய்வான்? ஆனால் எண்ணும் பழக்கம் வந்தது அந்த வக்கீல் ஆபீசில்தான். யுத்தம் முடிந்தும் காகிதத் தட்டுப்பாடு முடியவில்லை. ஒரு தாள் வீணானால் வக்கீல் ஐயா ஒன்றும் திட்ட மாட்டார். அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மடித்து மேஜை டிராயரில் வைத்துக்கொள்வார். அதைவிடத் திட்டியிருக்கலாம். ஆகவே ஒரு வரிக்கு எத்தனை எழுத்து, ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி என்று மனதுக்குள் எண்ணிவிட்டுத்தான் விரலை வைப்பேன்.

அந்த வருஷம் தென்னாப்பிரிக்காவில், இந்தியர்கள் எந்தத் தெருவில் நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டார்கள். அதை எதிர்த்து டர்பன் நகரத்தில் நம்மவர்கள் ஒரு காலி மனையில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். ஆண், பெண் என்று பார்க்காமல் பிடித்துச் சிறையில் போட்டது அந்த அரசாங்கம். அந்த வருஷக் கடைசியில் அமெரிக்காவில் உலக நாடுகளின் சபை கூட இருந்தது. அங்கே இதைப் பேசுவதென்று டெல்லியில் முடிவு செய்திருந்தார்கள். நமக்கே இன்னும் சுதந்திரம் வரவில்லை. அப்படிப்பட்ட நாடு இன்னொரு நாட்டின் மீது உலகத்திடம் போய் முறையிடப் போகிறது என்பதை, பத்திரிகையில் படித்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் செய்தி ஒரு நாள் காலை கரி பஸ்ஸில் செஞ்சிக்கு வந்து இறங்கியது. பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து ஓட்டிய பஸ்கள் அவை. திண்டிவனத்திலிருந்து வருவதற்குள் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகிவிடும். அப்படிச் சாம்பல் நிறமாக வந்து நின்றார் சென்னைக்காரர் ஒருவர். அமெரிக்காவுக்குப் போகும் தூதுக்குழுவுக்கு ஆதாரங்கள் சேர்த்துக் கொடுப்பது அவர் வேலை. எங்கள் வக்கீல் ஐயாவோடு சட்டம் படித்தவர். ஐம்பது வயதிருக்கும். சாப்பிடும்போதுகூடப் பையைத் தொடையிலேயே வைத்திருந்தார்.

அவர் விஷயத்தை எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். டைப் அடிப்பவனுக்கு என்ன அடிக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர் போல. "அந்த அரசாங்கம் என்ன சொல்லுதுன்னா, 'இவங்க எங்க மண்ணிலே பிறந்தவங்க. இது எங்க வீட்டு விவகாரம். வெளியார் பேசக் கூடாது'ங்குது. சபையோட விதியிலேயும் அதுக்கு இடம் இருக்கு. அதை உடைக்கலேன்னா முதல் நாளே கதவைச் சாத்திடுவாங்க. சிறையிலே இருக்கிறவனுக்கு இங்கே ஒரு வீடு இருக்கு, மனுஷா இருக்காங்கன்னு காட்டணும். ஒவ்வொரு ஜில்லாவிலேயும் ஒரு சாட்சியாவது வேணும். தென்னார்க்காட்டிலே எனக்கு ஒண்ணுகூடக் கிடைக்கலே."

அந்த ஒன்று எங்களிடம் இருந்தது. கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் தம்பிக்கு டர்பனில் கடை. அனந்தபுரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தைச் சேர்ந்த குடும்பத்தின் ஆள் அங்கே சிறையில் இருப்பதாகவும், மனைவி இங்கே இருப்பதாகவும் பாய்தான் வக்கீல் ஐயாவிடம் சொல்லியிருந்தார். முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்ததால், அந்த அம்மா தன் தம்பியோடு அன்று காலையே வந்துவிட்டார்.

அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. நாற்காலி போட்டும் உட்காராமல் கதவோரப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். தம்பிக்கு என்னைவிட ஓரிரு வயது கூட இருக்கும். ஒரு பை நிறைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான். அது என் கார்பன் தாள்கள் மேல் உட்கார்ந்தது. நான் பையை நகர்த்தி வைத்தேன். அவன் மறுபடியும் பழைய இடத்திலேயே வைத்தான்.

"மாமன் யாருன்னு கேட்டீங்கன்னா," என்று அவனேதான் தொடங்கினான். "எங்கம்மாவோட கூடப் பொறந்த தம்பிங்க. எங்க தாத்தா ஆயாவயும் கூட்டிக்கினு கரும்புத் தோட்டத்துக்குன்னு கப்பல் ஏறிட்டாரு. போறப்ப எங்கம்மா கைக்கொழந்தை. சொந்தக்காரங்க வூட்டுல உட்டுட்டுப் போனாங்க. மாமன் பொறந்ததே அங்கதான். பொண்ணு கட்டறதுக்கு இங்க வந்துச்சு. அக்கா மவளத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னு எங்கக்காவக் கட்டிச்சு. எங்க நைனா பந்தல் போட்டு, மேளம் வச்சு, அனந்தபுரமே வந்து சாப்டுட்டுப் போச்சுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? ஒரு வருசம் இருந்துச்சு. பேப்பர் எல்லாம் சரி பண்ணிட்டு உன்னக் கூப்ட்டுக்கறேன்னு அக்காகிட்ட சொல்லிட்டுக் கப்பல் ஏறிச்சு. இன்னும் பேப்பர் சரி பண்ணிக்கினே இருக்குது."

வக்கீல் ஐயா சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

சென்னைக்காரர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மொத்தம் பதினொரு வாக்கியம். நான் இன்னாருடைய சட்டபூர்வமான மனைவி. எனக்கும் அவருக்கும் இன்ன ஊரில், உறவினர் முன்னிலையில் திருமணம் நடந்தது. அவர் இந்த மண்ணோடு உறவை விடவில்லை. அவரைச் சிறையில் வைத்திருப்பது எனக்கும் என் குடும்பத்துக்கும் நேர்ந்த துன்பம், இப்படி. ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் படித்துக் காட்டினேன். 'சட்டபூர்வமான மனைவி' என்ற இடம் வந்ததும் தம்பி கையைத் தூக்கினான்.

"அத்த இன்னொரு தபா படிங்க."

படித்தேன்.

"இத்த அங்க ராஜா மந்திரிங்க எல்லாம் கேப்பாங்களா?"

"நாடு நாடா உட்கார்ந்து கேட்பாங்க" என்றார் சென்னைக்காரர்.

"எங்க ஊரு மணியக்காரன் கேப்பானா?"

"உனக்கு ஒரு காப்பி தரச் சொல்றேன்பா, நீயே படிச்சுக் காட்டு" என்றார் வக்கீல் ஐயா.

"காட்டத்தாங்க போறேன். 'புருசன் கடல்ல போனானா, கரையில போனானா'ன்னு கெணத்தடியில கேக்கறாளுங்க பாருங்க, அவளுங்களுக்கும் காட்டப் போறேன். எனக்குப் பொண்ணு பாக்கப் போனா மொதல்ல இன்னா கேக்கறாங்க தெரியுங்களா? 'வூட்டுல ஒரு பொண்ணு வாழாம கெடக்குதாமே'ங்கறாங்க. ஒரு எடம் இல்ல, மூணு எடம். பத்திரத்தப் படிச்சுட்டுப் பேசுங்கய்யான்னு மூஞ்சிக்கு நேரா நீட்டப் போறேன்."

அப்போதுதான் அந்த அம்மா முதல் தடவையாகப் பேசினார். கேள்வி சென்னைக்காரருக்கு.

"ஐயா, இத அந்த ஊருலயும் படிப்பாங்களா? அவரு இருக்கற ஊருல?"

"படிப்பாங்க அம்மா. அங்கே பத்திரிகையிலே எல்லாம் வரும். வரணும்னுதானே செய்யறோம்."

"அப்ப வேணாங்க."

தம்பி திரும்பிப் பார்த்தான். அறையில் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரில் விஷயம் தெரிந்தவர் அந்த அம்மா ஒருவர்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"அங்க ஒருத்தர் இருக்கறாங்க" என்றார். "கட்டிக்கிட்டுத்தான் இருக்கறாரு. ரெண்டு புள்ளைங்க. அவங்களும் அவருகூடவே போயி கூடாரத்துல குந்தி, இப்ப அவங்களும் உள்ளதான் இருக்கறாங்க. புள்ளைங்க அக்கம்பக்கத்துல."

"உனக்கு யாரு சொன்னா?" என்றான் தம்பி. குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

"பாய்தான். போன மாசம் அவரு தம்பி வந்தப்ப, நான்தான் போயி கேட்டேன். கேட்டதுக்கு உள்ளத சொன்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணியிருப்ப?"

 பாய் வக்கீல் ஐயாவிடம் இதைச் சொல்லாமல் விட்டதற்கும் காரணம் புரிந்தது. அது அவர் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை என்று இருந்துவிட்டார்.

சென்னைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சாம்பல் படிந்த சட்டையிலேயே துடைத்தார். அதில் கண்ணாடி இன்னும் அழுக்காயிற்று. பிறகு வக்கீல் ஐயாவிடம் மெல்லச் சொன்னார். அந்த நாட்டுச் சட்டத்தில் ஒருவனுக்கு ஒரு மனைவிக்குத்தான் இடம். இங்கே ஒரு மனைவி இருக்கிறாள் என்று நம் தரப்பே சத்தியம் செய்து கொடுத்தால், அங்கே சிறையில் இருக்கும் பெண் சட்டப்படி யாருமில்லை. அந்தக் குழந்தைகளுக்கும் தகப்பன் இல்லை. அது மட்டுமா, சபையில் அவர்கள் ஆள் எழுந்து இதைப் படித்துவிட்டு, 'இப்படிப்பட்டவர்களுக்காகவா பேச வந்தீர்கள்' என்று கேட்டால், பேச்சு முழுக்க அந்தப் பக்கம் போய்விடும். "வேண்டாம். விட்டுடலாம்" என்றார். தாளை உருளையிலிருந்து எடுக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினார். இத்தனை தூரம் வந்தும் தென்னார்க்காட்டிலிருந்து சாட்சி இல்லாமலே திரும்பப் போகிறார். அந்த ஏமாற்றத்தை அவர் மறைக்கவும் இல்லை, அந்த அம்மா மேல் காட்டவும் இல்லை.

"ஏங்க உடணும்?" என்றார் அந்த அம்மா. "எங்கம்மாவோட தம்பின்னு எழுதுங்க. அக்கா மவ சாட்சி சொல்லக் கூடாதா? அவரு என்னக் கட்டிக்கிட்டது பொறவுதானே. நான் அவரு அக்கா வயித்துல பொறந்தது அதுக்கு மொதல்ல."

 வெளியே பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரோ கரி அடுப்பைக் கிளறும் சத்தம் கேட்டது.

வக்கீல் ஐயா யோசித்தார். அவர் யோசிக்கும்போது மேஜையை விரலால் தட்டுவார். அன்று தட்டியது மல்லாட்டைப் பையை. "பொய் ஓர் எழுத்தும் இல்லை" என்றார். "ஆனா மாஜிஸ்திரேட் முன்னாடி சத்தியம் பண்ணணும் அம்மா. அவர் கேள்வி கேட்கலாம். நேரா, 'உன் புருஷன் யாரு'ன்னு கேட்டார்னா?"

"நேரா கேட்டா உள்ளதத்தான் சொல்லணும். சத்தியம் பண்ணிட்டு மாத்திச் சொல்ல மாட்டேன். கேக்காதத நானா ஏன் சொல்லணும்?"

"அப்படிச் சொல்ற மாதிரி ஆச்சுன்னா அதுவும் பதிவாயிடும்."

"ஆனா ஆவட்டும். ஐயா, அவங்களப் புடிச்சு ஜெயில்ல அடைச்சது ஊரு விசயம். அத்த உலகம் கேக்கட்டும். என்னக் கட்டினது, உட்டது எல்லாம் எங்க வூட்டு விசயம். அத்த எதுக்கு அமெரிக்காவுல படிக்கணும்?"

தம்பி பொறுக்கவில்லை. "நீ இன்னா பேசற? இத்தினி வருசம் ஊர்ல பேசுனதுக்கு இன்னிக்கு ஒரு பத்திரம் கெடைக்குது. அதுல பொண்டாட்டின்னு போடறாங்க. அத்த வேணாங்கற. யாருக்காக? அவளுக்காகவா?"

"புள்ளைங்களுக்காகன்னு வச்சுக்க."

"எனக்கு யாரு இருக்கா? நான் இன்னான்னு போயி பொண்ணு கேப்பேன்?"

"டேய், நீ சும்மா இர்றா" என்றார் அவர். அதட்டலாக இல்லை, அலுப்பாகச் சொன்னார். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். எதிர்க்கடை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு ஜன்னல் வழியே தெரிந்தது.

நான் வேறு தாளில் புதிதாக அடித்தேன். அன்று வீணான தாளை வக்கீல் ஐயா வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை, கிழித்துப் போட்டார். புதியதில் ஒன்பது வாக்கியம்தான் வந்தது. 'சிறையில் இருப்பவர் என் தாயின் உடன்பிறந்த தம்பி. அவருக்கு இந்த ஊரில் ரத்த உறவு நாங்கள்.' வழக்கமாகக் கல்யாணமான பெண் என்றால் 'இன்னார் மனைவி' என்றுதான் முதல் வரியில் போடுவோம். இதில் 'இன்னார் மகள்' என்று தகப்பன் பெயரைப் போட்டோம். படித்துக் காட்டியதும் அவர் தலையாட்டினார். 'மகள்' என்ற இடத்தில் திரும்பப் படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நாங்கள் நான்கு பேரும் கோர்ட்டுக்கு நடந்தோம். சற்றுத் தூரம் போன பிறகு நான் திரும்பிப் பார்த்தேன். தம்பி பத்தடி தள்ளிப் பின்னால் வந்துகொண்டிருந்தான். அக்காவின் குடையை மறக்காமல் எடுத்து வந்திருந்தான். அதைக் கொடுக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை.

கோர்ட்டு வராந்தா நிறைய ஆட்கள். அனந்தபுரம் பக்கத்து வரப்புத் தகராறு ஒன்று அன்று விசாரணைக்கு வந்திருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் இவர்கள் ஊரையும் பக்கத்து ஊர்களையும் சேர்ந்தவர்கள். "இன்னா, நீங்க எங்க இங்க?" என்று ஒருவர் தம்பியைக் கேட்டார். அவன் சும்மா தலையை ஆட்டினான்.

மாஜிஸ்திரேட் கண்டிப்பானவர். ஒரு காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அதற்காக அவரை ஊரில் திட்டுவார்கள்; எனக்கு அவரைப் பிடிக்கும். முதல் வரியிலிருந்து படித்தார். தென்னாப்பிரிக்கா என்பதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மறுபடியும் முதல் வரிக்குப் போனார். அந்த அம்மாவைப் பார்த்தார்.

"கழுத்திலே தாலி இருக்கு. தகப்பன் பேர்தான் போட்டிருக்கீங்க. புருஷன் பேர் எங்கே?"

"அடையாளத்துக்குத் தகப்பன் பேர் போதும்னு..." என்று இழுத்தார் வக்கீல் ஐயா.

"போதுமா போதாதான்னு நான் சொல்றேன். ஏம்மா, உன் புருஷன் பேர் என்ன?"

நேரான கேள்வி வந்துவிட்டது. சென்னைக்காரர் பையை இறுக்கிப் பிடித்தார். அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை; தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். கோர்ட்டுக்கும் இது பழக்கம். பெண் தலை குனிந்தால் கூட வந்தவர்கள் யாராவது பெயரைச் சொல்வார்கள், குமாஸ்தா எழுதிக்கொள்வார். அதற்காக எந்த மாஜிஸ்திரேட்டும் கோபித்துக்கொண்டதில்லை. இவரும் கோபிக்கவில்லை. டவாலிச் சேவகர்தான் வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தம்மாகூட யாருய்யா வந்தது? வந்து பேரச் சொல்லு."

தம்பி படியேறி வந்தான்.

அவன் சொல்ல வேண்டியது ஒரு பெயர். அந்தப் பெயர் அதே காகிதத்தில், மாஜிஸ்திரேட்டின் விரலுக்குக் கீழேயே, மூன்றாவது வரியில் இருந்தது. சொன்னால் எல்லாம் பதிவாகிவிடும். அவன் காலையில் ஆசைப்பட்ட 'மனைவி' என்ற சொல்லும் வந்துவிடும். அவன் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அதைக் காதால் கேட்பார்கள். வேறொரு பெயரைச் சொன்னால் பொய். அவன் எதைச் சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் அக்காவுக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணால்கூட ஒன்றும் கேட்கவில்லை.

அவன் முதலில் வராந்தாவைப் பார்த்தான். பிறகு மாஜிஸ்திரேட்டைப் பார்த்தான். தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னான்.

"எங்கக்காவ உட்டுட்டுப் போயிட்டாருங்க எசமான். அந்தப் பேர எங்க வூட்டுல யாரும் சொல்றதில்லீங்க."

வராந்தாவில் பேச்சு நின்றது. பிறகு பின்னாலிருந்து யாரோ நாக்கால் 'ச்சொ' கொட்டினார்கள். தம்பியின் கழுத்து சிவந்து போயிருந்தது. குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான்.

மாஜிஸ்திரேட் சங்கடப்பட்டார். கண்டிப்பானவர்களுக்குச் சங்கடம் வந்தால் வேகமாக எழுதுவார்கள். "சரி, சரி. தகப்பன் பேரே இருக்கட்டும்" என்றார். சத்தியம் வாங்கினார். அந்த அம்மா கட்டைவிரலை மையில் தோய்த்து, நான் புள்ளி வைத்துக் காட்டிய இடத்தில் அழுத்தினார். அசல் ஒன்று, நகல் இரண்டு, ஆக மூன்று முறை. பிறகு எல்லோரும் செய்வது போல விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். தம்பி மட்டும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்டில் சென்னைக்காரர் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவனுக்குக் கையை எப்போது திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. அவரும் விடவில்லை. ஏதோ சொல்ல நினைத்து, சொல் கிடைக்காமல், கடைசியில் "மல்லாட்டை நல்லா இருந்தது" என்றார். அவர் ஒன்றுகூட உரித்துத் தின்றதை நான் பார்க்கவில்லை.

பஸ் புறப்படும் நேரத்தில் அந்த அம்மா ஜன்னலருகே போனார். "ஐயா, பேசறப்ப ரெண்டு பேரயும் சேத்து உடச் சொல்லுங்க. அவர மட்டும் உட்டாங்கன்னா புள்ளைங்களுக்கு யாரு சோறாக்குவாங்க?"

"மாமனுக்குச் சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாதுங்க" என்றான் தம்பி. கோர்ட்டை விட்டு வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அது. அக்கா அவனைப் பார்த்தார். இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். பஸ் அவர்கள் மேல் புகையைக் கக்கிவிட்டுப் போனது.

அந்த வருஷக் கடைசியில் தீர்மானம் உலக சபையில் நிறைவேறியது. வீட்டு விவகாரம் என்ற வாதத்தைச் சபை ஏற்கவில்லை. செய்தி வந்த பத்திரிகையை வக்கீல் ஐயா எனக்குப் படிக்கக் கொடுத்தார். எதிர்த்தவர்கள் எத்தனை நாடு, வாக்களிக்காதவர்கள் எத்தனை நாடு என்று பெயர் பெயராக எண்ணினேன். எங்கள் பத்திரத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அது அமெரிக்கா போய்ச் சேர்ந்ததா, பையிலேயே இருந்துவிட்டதா, யாராவது படித்தார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நாட்டு அரசாங்கம் தீர்மானத்தை மதிக்கவும் இல்லை. சட்டம் அப்படியே இருந்தது. தண்டனை நாள் முடிந்ததும் சிறையில் இருந்தவர்களை விட்டார்கள். அது தீர்மானத்தால் நடந்ததாக நான் சொல்ல மாட்டேன்.

அந்தத் தம்பிக்குப் பெண் அமைய அதற்குப் பிறகு நான்கு வருஷம் ஆனது. கோர்ட்டில் அன்று பேசியதுதான் காரணமா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். நான் செஞ்சியை விட்டு வேறு வேலைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு, கடைத்தெருவில் அந்த அம்மாவைப் பார்த்தேன். தம்பியின் குழந்தை இடுப்பில் இருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"தம்பி, அன்னிக்கு அங்க உள்ள இருந்தாங்களே, அப்பவே எல்லாரும் வெளிய வந்துட்டாங்களாமே?"

"வந்துட்டாங்கம்மா. பாய் சொன்னார்."

"எங்கிட்டயும் சொன்னாரு. நீங்களும் படிச்சிருப்பீங்களேன்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, குழந்தை இழுத்த பக்கம் போய்விட்டார்.

இப்போதும் ஏதோ ஒரு நாட்டில் ஆட்களைப் பிடித்து அடைத்தார்கள், மற்ற நாடுகள் கண்டித்தன, அந்த நாடு 'இது எங்கள் வீட்டு விவகாரம்' என்று பதில் சொன்னது என்று டிவியில் செய்தி வருகிறது. நான் வழக்கம்போல எத்தனை நாடு ஆதரவு, எத்தனை நாடு எதிர்ப்பு என்று எண்ண ஆரம்பிக்கிறேன். எண்ணி முடிப்பதற்குள், கோர்ட்டுப் படியில் குடையை ஊன்றிக்கொண்டு, தன் ஊர்க்காரர்கள் முன்னால் தன் வீட்டு அவமானத்தைத் தானே உரக்கச் சொன்ன அந்த இளைஞன் வந்து நின்றுவிடுகிறான். அவன் வாக்கை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்பதில் மட்டும் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.